கைராசிக்காரருக்கு ஒரு பெட்டி

அன்புள்ள அருள்,

செய்தியில் பிழை வந்துவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில், ஒரு மூலையில், பொடி எழுத்தில் 'திருத்தம்' என்று போடுவோம். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோலவே அதை வைப்போம். முப்பது வருஷம் தஞ்சாவூரில் செய்தியாளராக இருந்த நான் அப்படிப்பட்ட திருத்தங்கள் நிறைய எழுதியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை நீ சென்னைக்குப் புதிய வேலைக்குக் கிளம்புகிறாய். அதற்குள் உனக்கு ஒரு திருத்தம் கொடுத்தாக வேண்டும். இதை மூலையில் போடப்போவதில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சித்திரை தொடங்கி ஆவணி வரை நமக்குள் நடந்த வாதத்தில் நீ சொன்னது சரி, நான் சொன்னது தவறு. நீ ஜெயித்தாய். வாயால் சொன்னால் "சரி விடும்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். நீ வேலை பார்த்த நிறுவனம் விதைநெல் விற்பது. தஞ்சாவூரில் தலைமை அலுவலகம், கீழ்வேளூரிலும் சீர்காழியிலும் இன்னும் சில ஊர்களிலும் கிடங்கும் கடையும். போன வருஷம் சம்பாவுக்கு ஒரு லாட் விதை சரியாக முளைக்கவில்லை. லாட் என்றால் ஒரே சமயத்தில் சுத்தம் செய்து, ஒரே எண் போட்டு, மூட்டையில் அட்டை கட்டி அனுப்பிய விதை. "அந்த லாட் யார் யாரிடம் போயிருக்கிறது?" என்று முதலாளி கேட்டார். பதில் சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று. கடையின் பில் ஒரு மென்பொருளில், கிடங்கின் இருப்பு இன்னொன்றில், முளைப்புச் சோதனையின் முடிவு பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஒரு கணினியில், லாரி போன விவரம் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில். ஒன்று மற்றதோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளுக்குள் விதை ஊறி, முளைகட்டி, நாற்றங்காலுக்குப் போய், திட்டுத் திட்டாக எழும்பி நின்றது. ஒரு விவசாயி அந்த நாற்றங்காலில் ஒரு பாளம் வெட்டி எடுத்துவந்து கீழ்வேளூர் கடை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று நீ அன்று சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் முதலாளி உன்னைக் கூப்பிட்டு, நிறுவனத்தில் எந்த வேலை எந்த மென்பொருளில் நடக்கிறது, எந்தத் தகவல் எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்று முழுதாக ஒரு வரைபடம் போடச் சொன்னார். அடுத்த சம்பாவில் விதை தவறினால், அது தண்ணீரில் இறங்குவதற்கு முன் திரும்பி வந்தாக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். இப்படி வரைபடம் போடுவதற்கென்றே உலகத்தில் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது சட்டகங்கள், இருக்கின்றன என்றும், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை என்றும் நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படம் போடப் பேனா போதாதா என்று கேட்டேன். நீ மூன்று கட்டுத் தாள்களை மேசையில் பரப்பினாய். உங்கப்பா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தச் சட்டகமா இருந்தாலும் சரி, ரசத்துக்கு ஒரு கட்டம் விட்டு வைங்க" என்றார்.

முதல் சட்டகத்தைப் பார்த்த உடனே நான் அதன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அது ஒரு பெரிய கட்டம். மேலே ஆறு கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். பக்கவாட்டில், முதலாளி பார்ப்பது, திட்டமிடுபவர் பார்ப்பது, செய்பவர் பார்ப்பது என்று வரிசைகள். என் தொழிலின் ஆறு கேள்விகளை யாரோ கம்ப்யூட்டர்காரர்கள் கட்டம் கட்டி வைத்திருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்? இரண்டாவது, சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் சொன்னது. நிறுவனத்தின் குறிக்கோளில் தொடங்கிப் படிப்படியாகச் சுற்றி வந்து மறுபடி தொடங்கிய இடத்துக்கே வரும் முறை. ஒவ்வொரு படிக்கும் ஒரு குழு, ஒரு அறிக்கை. உன்னிடம் இருந்ததோ நீயும் ஒரு மடிக்கணினியும். மூன்றாவது, அடுக்குப் படம். மேலடுக்கில் மனிதர்களும் அவர்கள் செய்யும் வேலையும், நடுவில் மென்பொருள்கள், கீழே கருவிகள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கோடு. எந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்பதற்குக் கறாரான விதி. பார்க்க எனக்கு அது சிலந்தி வலைபோல இருந்தது.

"ஆறு கேள்விக்கும் பதில் இருந்தா உலகத்துல எதை வேணும்னாலும் எழுதிடலாம்டா" என்றேன்.

"கேள்வியில தப்பில்லம்மா. ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிக் கட்டத்துல பதில் எழுதி வச்சிடுறோம். இந்தக் கட்டத்துலேருந்து அந்தக் கட்டத்துக்கு என்னா போவுதுன்னு எங்க எழுதுறது? அதுவுமில்லாம எல்லாக் கட்டத்தையும் ரொப்பி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு சம்பா போயிடும்."

"அவசரப்பட்டு அரைகுறையாப் போடுறதுக்குப் போடாமலே இருக்கலாம்."

"நீ இப்படிப் பேசித்தான் உன் எடிட்டரு தலையில முடி கொட்டுச்சு" என்றாய். உங்கப்பா அதற்கு ரொம்ப நேரம் சிரித்தார்.

நீ என்னோடு வாதாடி நேரத்தைக் கழிக்கவில்லை. மூன்று சட்டகத்துக்கும் போன வருஷத்துக் கேள்வியை ஒரே மாதிரி கொடுத்தாய்: இந்த லாட் இப்போது யார் கையில் இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். எந்தச் சட்டகத்தில் போட்ட படம் அந்தக் கேள்விக்கு விரல் வைத்துப் பதில் காட்டுகிறதோ அதுதான் நமக்கு என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தாய். அடுக்குப் படம் ஜெயித்தது. அப்போதும் நீ மற்ற இரண்டையும் தூக்கி எறியவில்லை. யாருக்காக இந்தப் படம், எதற்காக என்று முதல் பக்கத்தில் எழுதும் வழக்கத்தை ஆலோசகரின் முறையிலிருந்து எடுத்துக்கொண்டாய். என் ஆறு கேள்விகளைக் கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொண்டாய். நிறுவனம் முழுவதையும் வரையாமல், ஒரு விதை மூட்டை கிடங்கை விட்டுக் கிளம்பி நாற்றங்காலுக்குப் போகும் வழியை மட்டும் முதலில் வரையப்போவதாகச் சொன்னாய். ஆலோசகர், "இது முழுமையான முறை இல்லையே" என்றாராம். "நாத்து விடுற வரைக்கும் இது போதும் சார்" என்று நீ சொன்னதைக் கேட்டபோதே நான் உனக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

பிறகு நீ மூட்டையின் பின்னாலேயே போனாய். கீழ்வேளூர் கிடங்கின் பொறுப்பாளர் கலியமூர்த்தியோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாய். போன வருஷத்துப் பில் ஒன்றில் ஒரே பெண்மணியின் பெயரில் பத்தொன்பது மூட்டை இருப்பதைப் பார்த்து, அவ்வளவு நிலமா அவருக்கு என்று கேட்டாயாம். "நெலமா? மூணு ஏக்கரு குத்தகை சார். அது கைராசிக்கார அம்மா. அது கையால வாங்குனாத்தான் வெத நல்லா எழும்பும்னு தெருவே அது பேருல வாங்கும். பில்லு ஒரு பேரு, வயலு பதினோரு பேரு வயலு" என்று அவர் சொன்னார். நீ அன்று மாலையே மேலடுக்கில், கடைக்கும் விவசாயிக்கும் நடுவே, ஒரு பெட்டி போட்டு உள்ளே 'கைராசிக்காரர்' என்று எழுதினாய். கூடவே பில் போடும் திரையில் 'யாருக்காக' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். கடைக்காரர்கள் முனகினார்கள். கூட்டத்தில் முதலாளி, "என்னா அருள், அடுத்து ஜோசியருக்கும் ஒரு பெட்டி உண்டா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் நான் அதைவிட மோசமாகப் பேசினேன். "இவ்வளவு படிச்சிட்டு ஒரு மூடநம்பிக்கைக்குப் பெட்டி போட்டு வச்சிருக்க. அழிச்சிடு" என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. "நம்ம நம்புறோமா இல்லையாங்கிறது இங்க கேள்வியே இல்லம்மா. மூட்டை அந்த வழியாத்தான் போவுது" என்றாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

அருள், அந்தக் கோபம் மூடநம்பிக்கையின் மேல் வந்ததில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. நீ பிறப்பதற்கு முன்பு, வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், அரசு மானியத்தில் விதை கொடுத்த ஒரு பட்டியல் என் கையில் கிடைத்தது. ஒரே ஆள் பெயரில் பதினான்கு மூட்டை. யார், எங்கே, எப்போது, எல்லாம் பட்டியலில் சுத்தமாக இருந்தது. ஊருக்குப் போகவில்லை, அவரிடம் கேட்கவில்லை. ஒரே ஆள் பதினான்கு மூட்டையைச் சுருட்டிவிட்டதாகப் பெயரோடு எழுதினேன். மூன்றாம் நாள் அவர் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அந்தத் தெருக்காரர்கள் எட்டுப் பேர். "என் பேருல வாங்குனது நெசந்தாம்மா. என் கை நல்ல கைன்னு இவங்க சொல்றாங்க, வாங்கிக் குடுத்தேன். சுருட்டுனேன்னு எழுதிப்புட்டீங்களே" என்றார். இரண்டு வரித் திருத்தம் போட்டோம். அடுத்த வருஷத்திலிருந்து அவர் யாருக்கும் விதை வாங்கிக் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். உங்கப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை. நீ அந்தப் பெட்டியைப் போட்டபோது, நான் விட்ட இடத்தை நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது. அதைப் பாராட்டத் தெரியாமல் அழிக்கச் சொன்னேன். என் ஆறு கேள்விகளும் அன்றைக்கு என்னிடம் இருந்தன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

ஆவணியில் அந்தப் புதன்கிழமை வந்தது. மழையில் ஒரு கிடங்கின் ஓரம் ஒழுகியிருந்ததால், பரிசோதனைக் கூடத்தில் ஒரு லாட்டை மறுபடி சோதித்தார்கள். முளைப்பு போதவில்லை. பாதி மூட்டைகள் ஏற்கெனவே விற்றாகிவிட்டன. வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு மேல் விதை ஊறப்போட நல்ல நேரம் என்று ஊர் முழுக்கக் குறித்து வைத்திருந்தார்கள். ஆக உனக்கு இருந்தது இரண்டு நாள்கூட இல்லை. ஆனால் போன வருஷம் மாதிரி யாரும் கையைப் பிசையவில்லை. உன் படத்தைப் பார்த்துப் பரிசோதனைக் கூடத்துக்கும் பில்லுக்கும் நடுவே போட்டிருந்த இணைப்பு வேலை செய்தது. அந்த எண் உள்ள மூட்டைக்கு அன்று மதியத்திலிருந்து எந்தக் கடையிலும் பில் விழவில்லை. விற்ற மூட்டைகளின் பட்டியல் சாயங்காலத்துக்குள் உன் மேசைக்கு வந்துவிட்டது. வியாழன் மதியத்துக்குள் பெரும்பகுதி மூட்டைகள் திரும்பின. மிச்சமிருந்ததில் பெரியது அந்தக் கைராசிக்கார அம்மா இந்த வருஷமும் வாங்கியிருந்த பத்தொன்பது. பில்லில் பெயர் தையல்நாயகி.

நீ என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வண்டியில் ஏறிக்கொண்டேன். கீழ்வேளூருக்கு அப்பால் அந்தத் தெருவில் நாம் இறங்கியபோது தையல்நாயகி வாசலில் நின்று தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கூலி வேலையிலிருந்து குத்தகைக்கு வந்து தன் காலில் நிற்பவர். "யாரு, வெதக் கம்பெனித் தம்பியா? என்னா அம்மாவெல்லாம் கூட்டிக்கிட்டு? இந்தத் தெருவுல பொண்ணு எதும் பாத்து வச்சிருக்கீங்களா?" என்றார்.

நீ சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாய். அவர் முகம் மாறிவிட்டது. கழுவுவதை நிறுத்தினார்.

"பதினாறு வருசமா என் கையால வாங்குன வெத ஒருத்தரு வயல்லயும் பொய்க்கல. இப்ப நான் போயி ஊறப்போடாதீங்கன்னு சொன்னா, தையலு கை போச்சுன்னு பேச மாட்டாங்களா?"

எங்கள் அலுவலகத்தில் நின்ற அந்த மனிதரும் இதைத்தான் வேறு சொல்லில் சொன்னார். அன்றைக்கு நான் இரண்டு வரித் திருத்தத்தோடு முடித்துக்கொண்டேன். நீ அப்படி விடவில்லை.

"ஊறப்போட்டு மொளைக்கலன்னாத்தான்க்கா கை போச்சும்பாங்க. நாளைக்குப் போடப்போறத இன்னிக்கே நீங்க தடுத்துட்டீங்கன்னா, தையலு கை காப்பாத்திடுச்சுன்னுதான் பேசுவாங்க."

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் பேசப் பழக்கியிருக்கீங்க" என்றார். நான் பழக்கவில்லை என்று சொல்ல வந்தேன், அவர் அதற்குள் உன் பக்கம் திரும்பிவிட்டார். "சரி. ஆனா மாத்து மூட்டையும் என் கை பட்டுத்தான் எறங்கணும்."

"நீங்க தொடாம ஒரு மூட்டையும் வண்டியை விட்டு எறங்காதுக்கா."

அதற்குப் பிறகு நாம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. 'யாருக்காக' என்ற வரியிலிருந்து எடுத்த பதினோரு பெயரை நீ படிக்கப் படிக்க, அவர் அந்தந்த வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ஏ மாரியம்மா, அதை எடுத்து வெளிய வை! கேள்வியெல்லாம் அப்பறம் கேளு!" ஒரு வீட்டில் அண்டாவில் தண்ணீரே ஊற்றி வைத்திருந்தார்கள். ஒருவர்கூட 'ஏன்' என்று கம்பெனியைக் கேட்கவில்லை. தையலு சொல்கிறார், அது போதும். சாயங்காலம் நாலு மணிக்குப் பதினெட்டு மூட்டை நம் வண்டியில் இருந்தது. கலியமூர்த்தி கிடங்கிலிருந்து ஏற்றிவந்த புது மூட்டைகளில் பதினெட்டைத் தையல்நாயகி ஒவ்வொன்றாகத் தொட்டு இறக்கினார். கலியமூர்த்தி அட்டைகளை எண்ணிவிட்டு உன்னைப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

"அது எங்க நாத்தனாரு எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றார் தையல்நாயகி. "கோயிலுக்கு வந்தவ, எனக்கும் ஒண்ணு குடு அண்ணின்னா. என் பங்குலேருந்து குடுத்தேன். சீர்காழிப் பக்கம். இது உங்க பில்லுல இருக்காது தம்பி." நாத்தனாரின் கைப்பேசி அணைந்து கிடந்தது. தெருப் பெயர் மட்டும் கிடைத்தது. சீர்காழிக் கடையில் களப்பணி பார்க்கும் வளர்மதிக்கு நீ அதைச் சொன்னாய். விடிந்ததும் போய்ப் பார்த்துவிடுவதாக அவள் சொன்னாள்.

சென்னைக்குப் போய்ப் பெரிய நிறுவனத்துக்குச் சட்டகம் தேர்ந்தெடுக்கப்போகிறாய். இதைவிடத் தடித்த புத்தகங்களும் இதைவிட உரத்த ஆலோசகர்களும் இருப்பார்கள். நான் உனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. எது எந்தச் சட்டகம் என்று எனக்கு இப்போதும் சரியாகத் தெரியாது. ஆனால் நீ எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன், யாருக்கு எந்தப் பதில் எந்த நேரத்துக்குள் வேண்டும் என்று கேட்டாய். பிறகு பட்டியலை நம்பி உட்காராமல் மூட்டையோடு நடந்தாய். இந்த இரண்டையும் எந்த ஊரிலும் விட்டுவிடாதே. உன் படத்தில் யாராவது ஒரு பெட்டியைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், அது நானாக இருந்தாலும் சரி. நாம் போட்ட சண்டையில் நான் தோற்றதால் பதினோரு வீட்டு நாற்று பிழைத்தது. இன்று அது நடவாகி நிற்கிறது. நேற்று அந்த வழியாகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு திட்டு, ஒரு சொட்டை இல்லை.

வெள்ளிக்கிழமைக் காலையை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். நீயும் நானும் வீட்டில் அந்த ஒற்றை மூட்டைக்காகக் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஏழரைக்கு வளர்மதி கூப்பிட்டாள். நீ ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாய். "சார், வீட்டைக் கண்டுபுடிச்சிட்டேன். மூட்டை வாயைப் பிரிச்சு வச்சிட்டாங்க. தண்ணியில போடல. ஒன்பதேகாலுக்குன்னு காத்துக்கிட்டிருந்தாங்க. லாட் நம்பர் பாத்துட்டேன், அதேதான். என் வண்டியில ஏத்திட்டேன்." நீ நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாய். பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது: "வேற மூட்டை வருதுங்கிறீங்க, சரி. எங்க அண்ணி கை படாத வெதய நான் ஊறப்போட மாட்டேன், அதையும் சொல்லும்மா!"

"படாம வராதுன்னு சொல்லுங்க வளர்மதி" என்று நீ சொன்னாய். "இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே அவங்க அண்ணி கலியமூர்த்தி வண்டியில கெளம்பிட்டாங்க."

அந்த நேரம் தையல்நாயகி மயிலாடுதுறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மாற்று மூட்டை அவர் காலருகே இருந்தது. கீழ்வேளூரில் அதன்மேல் வைத்த கையைச் சீர்காழி வரைக்கும் அவர் எடுக்கவில்லை என்று கலியமூர்த்தி பிறகு சொன்னார்.

தோற்ற சந்தோஷத்தோடு,
அம்மா